நோட் ஜேஎஸ் சோதனைகளில் ஸ்ட்ரீம் இணைப்புகள்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

நோட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச்சூழலில் எழுதும் சர்வர் நிரலில், தரவைத் துண்டு துண்டாகக் கடத்தும் ஸ்ட்ரீம்கள் இரண்டை இணைப்பது எளிது; அந்த இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதுதான் கடினம். ஒரு முனையில் தரவைத் தரும் ரீடபிள், மறுமுனையில் தரவை வாங்கும் ரைட்டபிள், நடுவே ‘பைப்’ என்ற ஒரே அழைப்பு. உண்மையான சர்வர் ஓடும்போது கோரிக்கை, மறுமொழி ஆகிய இரு முனைகளையும் நோட் ஜேஎஸ்ஸே உருவாக்கித் தருகிறது. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எங்கே அறுந்தது என்பதையும் அதுவே அறிவிக்கிறது. சோதனையிலோ அந்த இரு முனைகளையும் நாமே செய்து வைக்கிறோம். நாம் செய்த முனை தன் கடமைகளில் ஒன்றைத் தவறவிட்டால், பிழைச்செய்தி எதுவுமின்றிச் சோதனை அப்படியே நின்றுவிடும். ஆகவே ஸ்ட்ரீம் சோதனை தோற்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, நிரல் எங்கே தவறியது என்பதன்று; வேலை முடிந்தது என்பதை யார் சொல்லவேண்டும், அவர் சொன்னாரா என்பதே.

கீழ்க்காணும் அறிகுறிகள் அனைத்துக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நூலகம் ஒன்றின் நூற்பட்டியல், புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சர்வருக்குப் பதிவேற்றப்படுகிறது. சர்வர் அதை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, திருத்திய வடிவத்தை மறுமொழியாகத் திருப்பி அனுப்புகிறது. கோரிக்கை ஒரு ரீடபிள். வரிகளைப் பிரிப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்ம், அதாவது வாங்கிய தரவை மாற்றித் தரும் ஸ்ட்ரீம். மறுமொழி ஒரு ரைட்டபிள். சோதனையில் கோரிக்கைக்குப் பதிலியாக, வாங்கியதை மாற்றாமல் அப்படியே தரும் ஒரு பாஸ்த்ரூவையோ ‘ரீடபிள்.ஃப்ரம்’ தரும் ஸ்ட்ரீமையோ வைக்கலாம். கையாளும் செயற்கூறு ஹெடர்களையும் மெத்தடையும் பார்க்குமானால் அவற்றை அந்தப் பொருளின்மேல் பண்புகளாக ஒட்டிவிடலாம். மறுமொழிக்குப் பதிலியாக, வரும் துண்டுகளையெல்லாம் ஒரு அணியில் சேர்த்துக்கொள்ளும் சிறிய ரைட்டபிள் போதும். இதற்கு மேல் பெரிய பதிலிகளை எழுதத் தொடங்கினால், பிறகு பதிலியைச் சோதிக்க இன்னொரு சோதனை வேண்டியிருக்கும். ஹெடர், நிலைக்குறியீடு போன்றவைதான் சோதனையின் பொருள் என்றால், பதிலிகளை விட்டுவிட்டு உண்மையான சர்வரையே போர்ட் 0-இல் திறந்துவிடுங்கள். காலியாக உள்ள ஒரு போர்ட்டை இயங்குதளமே தேர்ந்து தரும்.

அறிகுறி: பிழை எதுவும் வரவில்லை, நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் வருகிறது

இதுவே மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி. காரணங்களும் இதற்கே அதிகம். சோதனைகளை ஓட்டும் கருவிகளில் ஜெஸ்ட் இயல்பாக 5 விநாடியும் மோக்கா 2 விநாடியும் காத்திருந்து சோதனையைத் தோற்றதாக அறிவிக்கும். நோட் ஜேஎஸ்ஸுடனேயே வரும் சோதனை இயக்கிக்கு அப்படி இயல்பான கால வரம்பு இல்லை. ஆனால் காத்திருக்கும் வேலைகளை எடுத்து ஓட்டும் நிகழ்வுச் சுழற்சியில் செய்ய எதுவும் மிச்சமில்லாதபோது, பிராமிஸ் (பின்னர் வரப்போகும் விளைவைக் குறிக்கும் பொருள்) இன்னும் நிலுவையில் இருக்கச் சுழற்சி முடிந்துவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தியைத் தந்து சோதனையை முறிக்கும். மூன்று செய்திகளும் ஒன்றையே சொல்கின்றன: நீங்கள் காத்திருக்கும் நிகழ்வு வரவில்லை.

கால வரம்பை 30 விநாடிக்கு உயர்த்துவது இங்கே மருந்தன்று. அதற்குப் பதிலாக, சோதனை தொடங்கி ஒரு விநாடி கழித்து நான்கு பண்புகளை அச்சிடும் ஒரு டைமரைத் தற்காலிகமாக வையுங்கள். மூலத்தில் ‘ரீடபிள்எண்டட்’, சேரிடத்தில் ‘ரைட்டபிள்எண்டட்’, ‘ரைட்டபிள்ஃபினிஷ்ட்’, ‘ரைட்டபிள்நீட்டிரெய்ன்’ ஆகியவையே அந்த நான்கு. இவற்றோடு, பதிலி இதுவரை எத்தனை துண்டுகளைப் பெற்றது என்பதையும் அச்சிட்டால் காரணம் பெரும்பாலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

சேரிடப் பதிலிக்குச் சரியாக ஒரே ஒரு துண்டு மட்டும் வந்து நின்றிருந்தால், அதன் ‘ரைட்’ செயற்கூறு கால்பேக்கை, அதாவது வேலை முடிந்ததும் அழைக்கவேண்டிய செயற்கூற்றை, அழைக்கவில்லை. ரைட்டபிள் ஒரு நேரத்தில் ஒரு துண்டையே கொடுக்கும். “வாங்கிக்கொண்டேன்” என்று கால்பேக் வழியே சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தரும். சொல்லாதவரை மீதித் துண்டுகள் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் காத்திருக்கும். பதிலியில் நிபந்தனை வாக்கியம் ஒன்றை எழுதி, அதன் ஒரு கிளையில் மட்டும் கால்பேக்கை மறந்துவிடுவது வழக்கமான தவறு. எதிர்த்திசைத் தவறும் உண்டு: கால்பேக்கை இருமுறை அழைத்தால், பலமுறை அழைக்கப்பட்டது என்ற தனிப் பிழையே எழும், அது தொங்குவதைவிட நல்லது, ஏனெனில் அது இடத்தைக் காட்டிவிடும்.

எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்து, ‘ரைட்டபிள்எண்டட்’ மட்டும் பொய் என்று இருந்தால், முடிவை யாரும் அறிவிக்கவில்லை. பாஸ்த்ரூவைக் கோரிக்கையாக வைத்தவர் அதில் எழுதிவிட்டு ‘எண்ட்’ அழைக்காமல் விட்டிருப்பார். அல்லது கையால் எழுதிய ரீடபிளில் கடைசியாக ‘நல்’ மதிப்பைப் புஷ் செய்யாமல் விட்டிருப்பார். ‘ரைட்டபிள்எண்டட்’ மெய், ‘ரைட்டபிள்ஃபினிஷ்ட்’ பொய் என்றால், முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஏதோ ஒரு எழுத்து இன்னும் நிலுவையில் இருக்கிறது. மீண்டும் கால்பேக்கைத் தேடுங்கள், ‘ஃபைனல்’ என்ற செயற்கூறு இருந்தால் அதன் கால்பேக்கையும் சேர்த்து.

‘ரைட்டபிள்நீட்டிரெய்ன்’ மெய் என்று நிற்குமானால் விஷயம் வேறு. இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் இங்கேதான் சிறு தரவில் வெற்றி பெறும் சோதனை பெரிய தரவில் தொங்குகிறது. டிரான்ஸ்ஃபார்முக்கு இரண்டு பஃபர்கள் உண்டு: எழுதப்படும் பக்கம் ஒன்று, படிக்கப்படும் பக்கம் ஒன்று. சோதனையில் மூலத்தை டிரான்ஸ்ஃபார்மோடு இணைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மின் மறுபக்கத்தை யாரும் படிக்காமல் விட்டால், முதலில் படிக்கும் பக்கம் நிரம்பும். பிறகு எழுதும் பக்கம் நிரம்பும். பிறகு ‘ரைட்’ பொய் என்று திருப்பித்தர, மூலம் நின்றுவிடும்; இதையே பின்னழுத்தம் என்பார்கள். கடைமடை மதகை அடைத்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் ஏன் ஓடவில்லை என்று கேட்பது போன்றது இது. சிறு தரவு இரண்டு பஃபருக்குள் அடங்கிவிடுவதால் ‘ஃபினிஷ்’ வந்துவிடும், சோதனையும் தேறிவிடும். ஆனால் அப்போதும் ‘எண்ட்’ நிகழ்வு வராது, ஏனெனில் உள்ளிருப்பது முழுவதும் படிக்கப்பட்ட பிறகே ‘எண்ட்’ எழும்.

இந்த வரம்பின் அளவு நோட் பதிப்பைப் பொறுத்தது என்பதை நான் ஒரு நாள் முழுவதையும் செலவிட்டே கற்றேன். பைட் ஸ்ட்ரீம்களின் இயல்பான ஹைவாட்டர்மார்க், அதாவது பஃபர் நிரம்பியதாகக் கருதப்படும் வரம்பு, பதிப்பு 20 வரை 16 கிபைட் (1 கிபைட் என்பது 1,024 பைட்). பதிப்பு 22 முதல் லினக்ஸில் அது 64 கிபைட். ஏறத்தாழ 40 கிபைட் அளவுள்ள மாதிரிக் கோப்பை வைத்து எழுதிய என் சோதனை, பதிப்பு 22 இருந்த என் கணினியில் நொடியில் தேறியது. பதிப்பு 20 இருந்த தானியங்கிச் சோதனைச் சர்வரில் ஒவ்வொரு முறையும் தொங்கியது. அங்கே இரு பக்கமும் சேர்த்து 32 கிபைட்டுக்குமேல் கொள்ளாது என்பதே காரணம். பிழை இரண்டு இடத்திலும் இருந்தது. ஓரிடத்தில் பஃபர் அதை மறைத்துவிட்டது. உங்கள் கணினியில் உள்ள மதிப்பை ஸ்ட்ரீம் தொகுதியின் ‘கெட்டிஃபால்ட்ஹைவாட்டர்மார்க்’ செயற்கூறு சொல்லும். பைட்டுகளுக்குப் பதில் பொருள்களைக் கடத்தும் ஆப்ஜெக்ட் முறையில் இயங்கும் ஸ்ட்ரீம்களுக்கு இயல்பான வரம்பு 16 பொருள்கள். அங்கே எண்ணிக்கைதான் கணக்கு, அளவன்று. ஆகவே 10 வரிகளை வைத்துச் சோதித்தவர் தேறுவார். 100 வரிகளை வைத்தவர் சிக்குவார்.

தீர்வு எளிது: சங்கிலியின் கடைசியில் படிப்பவர் ஒருவர் இருக்கவேண்டும். டிரான்ஸ்ஃபார்மைத் தனியாகச் சோதிப்பதானால், அதன் வெளியீட்டை ‘ஸ்ட்ரீம்/கன்ஸ்யூமர்ஸ்’ தொகுதியில் உள்ள ‘டெக்ஸ்ட்’ செயற்கூற்றிடம் கொடுத்துவிடுங்கள். அது முழுவதையும் படித்து ஒரே சரமாகத் தரும். வெளியீடு தேவையே இல்லை, பக்கவிளைவை மட்டும் சோதிக்கிறேன் என்றால் ‘ரெஸ்யூம்’ அழைத்து ஓடவிடுங்கள். இவற்றோடு, மாதிரித் தரவு வரம்பைவிடத் தெளிவாகப் பெரிதாக உள்ள ஒரு சோதனையாவது இருக்கட்டும். அல்லது பதிலியின் ஹைவாட்டர்மார்க்கை 1 என்று வைத்து, சிறு தரவிலேயே அழுத்தத்தை உண்டாக்குங்கள். இரண்டாவது வழி வேகமானது. நான் அதையே விரும்புகிறேன்.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: மூலத்தில் பிழை எழுந்து, யாரோ அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். அது அடுத்த அறிகுறியின் மறுமுகம்.

அறிகுறி: ‘எரர்’ நிகழ்வைக் கையாள ஆளில்லை என்று சொல்லி ஓட்டம் முழுவதும் சாய்கிறது, அல்லது பிழை வேறொரு சோதனையின் பெயரில் தோன்றுகிறது

‘பைப்’ தரவை மட்டுமே கடத்தும், பிழையைக் கடத்தாது. மூலத்தில் பிழை எழுந்தால் சேரிடம் மூடப்படுவதில்லை. சேரிடத்தில் பிழை எழுந்தால் மூலம் அழிக்கப்படுவதில்லை. மூன்று ஸ்ட்ரீம்களை இணைத்துவிட்டு, கடைசி ஸ்ட்ரீமில் மட்டும் ‘எரர்’ கேட்பானை (அந்த நிகழ்வு வந்தால் ஓடும் செயற்கூற்றை) சேர்த்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். மூன்றிலும் சேர்க்காவிட்டால், கேட்பான் இல்லாத ஸ்ட்ரீமில் எழும் பிழை பிராசஸையே வீழ்த்தும். அது எழும் நேரத்தில் உங்கள் சோதனை முடிந்து அடுத்த சோதனை தொடங்கியிருந்தால், பழி அடுத்ததன் தலையில் விழும்.

இதற்காகவே 2018-இல் வந்த நோட் பதிப்பு 10-இல், ஸ்ட்ரீம்களைச் சங்கிலியாக இணைக்கும் ‘பைப்லைன்’ சேர்க்கப்பட்டது. பிராமிஸ் தரும் வடிவம் பதிப்பு 15-இல் ‘ஸ்ட்ரீம்/பிராமிஸஸ்’ தொகுதியோடு வந்தது. சங்கிலியில் எங்கே பிழை எழுந்தாலும் பைப்லைன் மற்ற ஸ்ட்ரீம்களை அழித்து, பிராமிஸை நிராகரிக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் நிறைவேற்றும். சோதனை அந்த ஒரு பிராமிஸுக்காக ‘அவெய்ட்’ செய்து காத்திருந்தால் போதும். புதிய நிரலில் ‘பைப்’ எழுதுவதற்கு எனக்கு இப்போது காரணம் எதுவும் தென்படவில்லை. பழைய நிரலில் அதைப் பார்த்தால், சோதனை எழுதுவதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.

பிழைப் பாதையைச் சோதிக்க, நடுவழியில் உடையும் மூலம் ஒன்று வேண்டும். இரண்டு துண்டுகளை ‘ஈல்ட்’ செய்துவிட்டு, அதாவது ஒவ்வொன்றாக வெளியே தந்துவிட்டு, மூன்றாவதற்குப் பதில் பிழையை எறியும் ஒரு அசிங்க் ஜெனரேட்டரை எழுதி, அதை ‘ரீடபிள்.ஃப்ரம்’-இடம் கொடுத்தால் அப்படிப்பட்ட மூலம் மூன்று வரியில் கிடைத்துவிடும். பிறகு மூன்று விஷயங்களை உறுதிப்படுத்துங்கள்: பைப்லைன் நிராகரிக்கப்பட்டது, நிராகரித்த பிழை நாம் எறிந்த அதே பிழைதான், சேரிடத்தின் ‘டெஸ்ட்ராய்ட்’ மெய்யாக உள்ளது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திறந்தே கிடக்கும் கோப்புகளும் சாக்கெட்டுகளும் (வலை இணைப்பு முனைகளும்) அந்த இடத்திலிருந்துதான் பெருகுகின்றன.

இங்கே பைப்லைனுக்கே உரிய ஒரு பொறி உண்டு. கேட்ட கோப்பு இல்லாதபோது 404 (கிடைக்கவில்லை) என்ற நிலைக்குறியீட்டை அனுப்பவேண்டும் என்று எண்ணி, பைப்லைனின் பிழைக் கிளையில் மறுமொழியை எழுத முயன்றால் அது வேலை செய்யாது. பைப்லைன் மறுமொழியையும் சேர்த்து அழித்திருக்கும், எதிர்முனைக்கு இணைப்பு அறுந்த செய்திதான் போகும். உங்கள் பதிலியில் இது தெரியாமலும் போகலாம், ஏனெனில் பதிலிக்கு சாக்கெட் இல்லை. கோப்பை முதலில் திறந்து, திறந்தது உறுதியான பிறகே பைப்லைனைத் தொடங்குங்கள். இந்த ஒரு வழக்கைப் போர்ட் 0-இல் உண்மையான சர்வரோடு சோதியுங்கள். அதுபோலவே, பாதி மறுமொழி போன பிறகு எழும் பிழைக்கு 500 (சர்வர் பிழை) என்ற நிலைக்குறியீட்டைச் சோதனையில் எதிர்பார்க்காதீர்கள்; 200 (வெற்றி) முன்பே போய்விட்டது, இனி இணைப்பை அறுப்பது ஒன்றே வழி.

அறிகுறி: ‘பிரிமெச்சூர் குளோஸ்’

சேரிடமோ மூலமோ முறைப்படி முடிவதற்கு முன் மூடப்பட்டது என்று பொருள். சோதனைத் துப்புரவுப் பகுதி, ஓட்டம் முடியும் முன்பே பதிலியை ‘டெஸ்ட்ராய்’ செய்துவிடுவது ஒரு காரணம். முடிவை அறிவிக்க ‘எண்ட்’ அழைக்கவேண்டிய இடத்தில் ‘டெஸ்ட்ராய்’ அழைப்பது மற்றொன்று. ‘எண்ட்’ “இனி எழுதமாட்டேன், இருப்பதை முடித்துவிடு” என்கிறது. ‘டெஸ்ட்ராய்’ “இருப்பதையும் விட்டுவிடு” என்கிறது.

ஆனால் இந்தப் பிழையே சரியான விடையாகும் சோதனையும் உண்டு. பயனர் பதிவிறக்கத்தின் நடுவே உலாவியை மூடிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு வந்தவுடன் மறுமொழிப் பதிலியை அழித்துவிட்டு, பைப்லைன் இந்தப் பிழையோடு நிராகரிக்கப்படுகிறதா, மூலமும் அழிக்கப்பட்டதா என்று பாருங்கள். ‘பைப்’ வைத்து எழுதிய நிரல் இரண்டாவது பகுதியில் தோற்கும்: சேரிடம் போய்விட்டாலும் மூலம் திறந்தபடியே கிடக்கும்.

அறிகுறி: ‘ரைட் ஆஃப்டர் எண்ட்’

முடிந்த சேரிடத்தில் யாரோ எழுதுகிறார். இரண்டு மூலங்களை ஒரே சேரிடத்தோடு ‘பைப்’ செய்தால், முதலில் முடியும் மூலம் சேரிடத்தையும் முடித்துவிடும். இரண்டாவது மூலத்தின் அடுத்த துண்டு இந்தப் பிழையைத் தரும். எது முதலில் முடியும் என்பது தரவின் அளவைப் பொறுத்ததால், சோதனை சிலநாள் தேறும், சிலநாள் தோற்கும். மூலங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுங்கள். கடைசி மூலத்தைத் தவிர மற்றவற்றுக்கு ‘எண்ட்’ என்ற தெரிவைப் பொய் என்று கொடுங்கள். தலைப்பு வரியை ஒரு மூலமாகவும் உள்ளடக்கத்தை மற்றொரு மூலமாகவும் வைத்திருந்தால், இரண்டையும் ஒரே ஜெனரேட்டரில் வரிசையாக ‘ஈல்ட்’ செய்வது இன்னும் தெளிவு.

அறிகுறி: வந்த உரையில் இடையிடையே கேள்விக்குறி வைரங்கள்

ஆங்கில மாதிரித் தரவை வைத்துச் சோதிக்கிறவர்கள் இதை ஒருபோதும் காணமாட்டார்கள். தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் முதல் பெரிய கோப்பிலேயே காண்பார்கள். யுடிஎஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழ்க் குறியீட்டுப் புள்ளி (யூனிகோடில் தனி எண் பெற்ற அலகு) ஒவ்வொன்றுக்கும் 3 பைட். “தமிழ்” என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகள் இருப்பதால் அது 15 பைட் பிடிக்கிறது. கோப்பைப் படிக்கும் ஸ்ட்ரீம் இயல்பாக 64 கிபைட், அதாவது 65,536 பைட் கொண்ட துண்டுகளாகத் தருகிறது. 65,536-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே தமிழ் எழுத்துகள் மட்டுமே நிரம்பிய கோப்பில் முதல் துண்டு, ஓர் எழுத்தின் முதல் பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடும். 16,384-ஐ வகுத்தாலும் மீதி அதே 1. நடுவே வெற்றிடமும் காற்புள்ளியும் எண்களும் கலந்திருப்பதால் உண்மைக் கோப்பில் வெட்டு சிலவேளை எல்லையிலேயே விழும், சிலவேளை நடுவில் விழும். அதனால்தான் இது சில கோப்புகளுக்கு மட்டும் வரும் பிழையாகத் தெரிகிறது.

நிரலில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ‘டுஸ்ட்ரிங்’ செய்து ஒட்டியிருந்தால், அறுபட்ட பைட்டுகள் ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றுக் குறியாக (அந்தக் கேள்விக்குறி வைரமாக) மாறி, மூல எழுத்து மீட்க முடியாமல் போய்விடும். மூலத்தில் ‘செட்என்கோடிங்’ அழைப்பது, அல்லது ‘ஸ்ட்ரிங்டிகோடர்’ வழியே செலுத்துவது, இரண்டில் ஒன்று தீர்வு. இரண்டுமே முடிவுறாத பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை வைத்துக்கொள்ளும். சேர்க்கும் பதிலியில் என்றால், துண்டுகளை பஃபராகவே (சரமாக்காத பைட் தொகுப்பாகவே) சேர்த்து, கடைசியில் ‘பஃபர்.கான்கேட்’ செய்து ஒரே முறை சரமாக்குங்கள்.

பிழை நீங்கியதைச் சோதிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பஃபர் ஒன்றை ‘ரீடபிள்.ஃப்ரம்’-இடம் கொடுத்தால் அது முழு பஃபரையும் ஒரே துண்டாகத் தரும். சரத்தைக் கொடுத்தாலும் அப்படியே. வெட்டே இல்லாத சோதனையில் வெட்டுப் பிழை எப்படி வெளிப்படும்? பஃபரை ஒவ்வொரு பைட்டாக நறுக்கித் தரும் ஜெனரேட்டர் ஒன்றை எழுதி, ஆப்ஜெக்ட் முறையைப் பொய் என்று அமைத்து, அதை மூலமாக வையுங்கள். பிறகு அதே சோதனையை 2, 4, 7 பைட் துண்டுகளோடும் ஓட்டுங்கள். தமிழ் எழுத்துகள் மட்டுமே உள்ள மாதிரியில் 3 பைட்டை மட்டும் தேர்ந்தால் வெட்டு ஒவ்வொரு முறையும் எல்லையில் விழுந்து பிழை ஒளிந்துகொள்ளும். எந்த அளவில் நறுக்கினாலும் வெளியீடு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற ஒரே உறுதிப்பாடு, துண்டு என்பது வரி என்று எண்ணி எழுதப்பட்ட நிரலையும் சேர்த்துப் பிடித்துவிடும். கடைசி வரியின் முடிவில் வரிமுறிப்பு இல்லாத மாதிரியும் ஒன்று இருக்கட்டும். முடிவில் மிஞ்சியதை வெளியே தரும் ‘ஃபிளஷ்’ செயற்கூற்றை டிரான்ஸ்ஃபார்மில் எழுதாமல் விட்டவர்கள் அங்கே கடைசி நூலை இழப்பார்கள்.

ஒரு நுட்பம். குறியீட்டுப் புள்ளி உடையாமல் வந்தாலும் எழுத்து உடைந்திருக்கலாம்: “மி” என்பதில் மகரம் ஒரு துண்டின் கடைசியிலும் இகரக் குறி அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுவது முற்றிலும் முறையானது. சேர்த்து ஒட்டினால் சரியாகிவிடும். ஆகவே துண்டுக்குத் துண்டு ஒப்பிடும் உறுதிப்பாடுகளை எழுதாதீர்கள். முழுவதையும் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

அறிகுறி: முதல் சில வரிகளைக் காணவில்லை

‘டேட்டா’ கேட்பானைச் சேர்த்த அந்த நிமிடத்திலிருந்து ஸ்ட்ரீம் ஓடத் தொடங்கிவிடுகிறது. பதிவேட்டில் எழுதுவதற்காக யாரோ ஒரு கேட்பானைச் சேர்த்துவிட்டு, பிறகு தரவுத்தள இணைப்புக்காக ‘அவெய்ட்’ செய்து, அதன்பிறகு பைப்லைனைத் தொடங்கினால், இடையில் ஓடியதெல்லாம் போனதுதான். கேட்பானை நீக்கிவிட்டாலும் ஓட்டம் தானாக நிற்காது. வரி வரியாகப் படிக்கும் ‘ரீட்லைன்’ இடைமுகத்துக்கும் இதே குணம் உண்டு: அது உருவானவுடன் படிக்கத் தொடங்கிவிடும், உருவாக்கத்துக்கும் ‘ஃபார் அவெய்ட்’ சுழற்சிக்கும் இடையே வேறு அவெய்ட் வந்தால் வரிகள் தவறக்கூடும். காத்திருக்கவேண்டியவற்றுக்கெல்லாம் முதலில் காத்திருந்துவிட்டு, ஸ்ட்ரீமை அதன் பிறகே தொடுங்கள்.

அறிகுறி: கோப்பு காலியாக உள்ளது, அல்லது பாதிதான் உள்ளது

மூலத்தின் ‘எண்ட்’ வந்தவுடன் கோப்பைப் படித்துப் பார்க்கிறீர்கள். மூலம் கொடுத்து முடித்தது என்பதற்கும் சேரிடம் எழுதி முடித்தது என்பதற்கும் இடையே நேரம் உண்டு. ‘ஃபினிஷ்’ வந்த பிறகு படியுங்கள். கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ போகிறீர்கள் என்றால் ‘குளோஸ்’ வரும்வரை பொறுங்கள், இல்லையேல் விண்டோஸ் கணினிகளில் கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கப்படலாம். நூறு மில்லிவிநாடி தூங்கிவிட்டுப் படிக்கும் சோதனைகளை நானும் எழுதியிருக்கிறேன். சுமை மிகுந்த நாளில் அவை அத்தனையும் தோற்றன.

அறிகுறி: துண்டின் வகை பொருந்தவில்லை என்ற டைப்எரர்

ஆப்ஜெக்ட் முறையில் உள்ள ஸ்ட்ரீம் ஒரு பொருளைத் தருகிறது. பைட் முறையில் உள்ள சேரிடம் சரத்தையோ பஃபரையோ மட்டுமே ஏற்கும். வரிகளைப் பொருளாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மில் படிக்கும் பக்கத்துக்கு மட்டும் ‘ரீடபிள்ஆப்ஜெக்ட்மோட்’ வையுங்கள். இரு பக்கத்துக்கும் சேர்த்து வைத்தால், உள்ளே வரும் பைட்டுகளுக்கும் எண்ணிக்கைக் கணக்கு வந்து, முன்பு சொன்ன அழுத்த வரம்பு குழம்பிவிடும்.

அறிகுறி: சோதனை தேறுகிறது, சர்வரில் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது

நிரல் கையால் ‘ரைட்’ அழைத்து, அது பொய் என்று திருப்பித்தருவதைக் கவனியாமல் மேலும் எழுதிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். பின்னழுத்தம் என்பது கட்டளையன்று, வேண்டுகோள்; மதிக்காவிட்டாலும் ரைட்டபிள் வாங்கிச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும். வழக்கமான பதிலி உடனே கால்பேக்கை அழைத்துவிடுவதால் சோதனையில் இது தெரிவதே இல்லை. ஆப்ஜெக்ட் முறையும் ஹைவாட்டர்மார்க் 1-உம் கொண்டு, நீங்கள் அனுமதிக்கும்போது மட்டும் கால்பேக்கை அழைக்கும் ஒரு மெதுவான பதிலியைச் செய்யுங்கள். மூல ஜெனரேட்டர் எத்தனை முறை ‘ஈல்ட்’ செய்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1,000 துண்டுகள் உள்ள மூலத்தில், பதிலி ஒன்றைக்கூட முடிக்காத நிலையில் எண்ணிக்கை ஒரு சிலவற்றில் நின்றால் நிரல் மதிக்கிறது. 1,000-ஐ எட்டிவிட்டால் மதிக்கவில்லை. சரியான எண் எத்தனை என்று குறித்துவைக்காதீர்கள், அது பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். 50-க்குக் குறைவு என்பதுபோல் தாராளமான எல்லை போதும்.

மெதுவான பதிலியில் தாமதத்தை உண்டாக்க டைமரைப் பயன்படுத்தினால், போலிக் கடிகாரத்தை (நேரத்தைச் சோதனையே நகர்த்தும் வசதியை) எச்சரிக்கையோடு கையாளுங்கள். ஜெஸ்டின் போலிக் கடிகாரம் ‘செட்டைம்அவுட்’ மட்டுமன்றி ‘செட்இமீடியட்’, ‘நெக்ஸ்ட்டிக்’ ஆகியவற்றையும் உங்கள் நிரலுக்கு உறையவைத்துவிடும். பதிலி அவற்றை நம்பியிருந்தால் கால்பேக் ஒருநாளும் அழைக்கப்படாது. உறையக்கூடாதவற்றின் பட்டியலை அதனிடம் தனியே கொடுக்க இடமுண்டு.

அறிகுறி: எல்லாச் சோதனைகளும் தேறிய பிறகும் ஓட்டம் முடியவில்லை

நினைவகத்தில் மட்டும் இருக்கும் முடியாத ஸ்ட்ரீம் பிராசஸை உயிரோடு வைத்திருக்காது. ஆகவே பாஸ்த்ரூவைச் சந்தேகிக்கவேண்டாம். திறந்திருக்கும் சர்வர், சாக்கெட், டைமர் ஆகியவற்றில் ஒன்றே காரணம். சர்வரின் ‘குளோஸ்’ புதிய இணைப்புகளைத்தான் மறுக்கும். மறுமொழியைப் பாதியில் விட்ட இணைப்பு முடியும்வரை அது காத்துக்கொண்டிருக்கும், பிழைப் பாதையைச் சோதித்த பிறகு அப்படிப்பட்ட இணைப்பு ஒன்றிரண்டு மிஞ்சியிருப்பது இயல்பு. சோதனைக்குப் பிந்தைய துப்புரவில் ‘குளோஸ்’ அழைத்தவுடன், பதிப்பு 18.2 முதல் உள்ள ‘குளோஸ்ஆல்கனெக்ஷன்ஸ்’ செயற்கூற்றையும் அழைத்துவிடுங்கள். ஜெஸ்டில் திறந்த கைப்பிடிகளை, அதாவது இன்னும் மூடப்படாத சர்வர், சாக்கெட் போன்றவற்றை, காட்டும் தெரிவு எது மிஞ்சியது என்று சொல்லும்; கட்டாயமாக வெளியேறச் செய்யும் தெரிவைச் சேர்த்தால் ஓட்டம் முடிந்துவிடும்தான், ஆனால் அந்த மிஞ்சிய இணைப்பு, பைப்லைனுக்கு மாற்றாமல் விட்ட ஏதோ ஒரு ‘பைப்’ அழைப்பின் எச்சமாக இருக்கக்கூடும்; அதை முதலில் தேடிவிட்டுப் பிறகு வெளியேறுங்கள்.